வணிகச் சேவையகமும் விளையாட்டுச் சேவையகமும்: ஓர் ஒப்பாய்வு

கையிலுள்ள தொலைபேசி ஒன்றே; அதனைத் தொடும் விரலும் ஒன்றே. அவ்விரல் ஒரு கணத்தில் உறவினர் ஒருவருக்குப் பணம் அனுப்புகின்றது. மறுகணத்தில் விளையாட்டொன்றின் வீரனை மதிலுக்கு அப்பாற் பாயச் செய்கின்றது. இரண்டிடத்தும் விரல் இட்ட கட்டளை வலையமைப்பின் வழியே தொலைவிலுள்ள ஒரு கணினியை அடைந்து, அங்கே ஆராயப்பட்டு, விடையாகத் திரும்பி வருகின்றது. காண்போர்க்கு இவை ஒரே தன்மையனவாகவே தோன்றும். ஆயினும், அத்தொலைக் கணினிகளின் உள்ளே நிகழ்வனவற்றை நோக்குமிடத்து, இவை ஏறக்குறைய எதிரெதிரான நெறிகளில் இயங்குதல் புலனாகும். அந்நெறிகள் யாவை, அவற்றுக்கெனத் தோன்றிய மேடைகள் யாவை, எத்தேவைக்கு எது பொருந்தும் என்பன ஈண்டு ஆராயப்படும்.

சேவையகம் என்பது யாது?

முதற்கண் சொற்பொருளை வரையறுத்துக் கொள்ளல் வேண்டும். பலருடைய வேண்டுகோள்களை ஏற்று விடையளிக்கும் கணினியும் அதில் இயங்கும் செய்நிரலும் சேவையகம் எனப்படும். தரவுகளை நிலையாகச் சேமித்து வைப்பது தரவுத்தளம். பயனரின் திரைக்கும் தரவுத்தளத்துக்கும் இடையில் நின்று, கேட்பவர் யார், கேட்பது முறையா, அதற்குரிய விடை யாது எனத் தீர்மானிக்கும் பகுதியே பிரயோகச் சேவையகம். ஒரு கந்தோரை எடுத்துக்கொள்வோமாயின், வாயிலில் மனுவைப் பெறுவோர் ஒருவர். பேரேடுகளைக் காக்கும் அறை ஒன்று. இவற்றிடையே அமர்ந்து, மனுவைப் படித்து விதிகளின்படி முடிவு செய்யும் எழுதுவினைஞர் ஒருவர். பிரயோகச் சேவையகம் அவ்வெழுதுவினைஞரை ஒத்தது.

ஆயிரக்கணக்கான மனுக்கள் ஒருங்கே வரும்போது அவற்றை வரிசைப்படுத்தல், பேரேட்டு அறையுடன் தொடர்பு பேணல், வந்தவரின் அடையாளத்தைச் சோதித்தல் முதலிய பணிகள் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானவை. அவற்றை ஒவ்வொரு செய்நிரலாளரும் புதிதாக ஆக்குதல் வீண் முயற்சியாகும். ஆதலின் அப்பொதுப் பணிகளை ஆயத்தமாக வழங்கும் மேடைகள் எழுந்தன. ஐ.பி.எம். நிறுவனம் 1969 இல் வெளியிட்ட சி.ஐ.சி.எஸ். என்னும் மேடை அவற்றுள் மூத்தவற்றில் ஒன்று. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் பெரிய வங்கிகளும் காப்புறுதிக் கொம்பனிகளும் அதனைக் கைவிட்டாரில்லை. இத்துறையில் வயது மட்டும் ஒரு மேடையைத் தள்ளுதற்குக் காரணம் ஆகாது என்பதற்கு இஃதொரு சான்று.

வணிகம் அஞ்சுவது பிழையை

ஒருவர் தம் கணக்கிலிருந்து 10,000 ரூபாவை வேறொருவர் கணக்குக்கு மாற்றுகின்றார் எனக் கொள்வோம். முதற் கணக்கிற் பற்று எழுதப்பட்டது. இரண்டாங் கணக்கில் வரவு எழுதப்படுமுன் மின்சாரம் நின்றுவிட்டது. பணம் எங்கே? அனுப்பியவரிடமும் இல்லை, பெறவேண்டியவரிடமும் இல்லை. இத்தகைய அவலத்தைத் தடுப்பதே வணிகக் கணினியியலின் தலையாய கவலையாகும். பற்றும் வரவும் சேர்ந்தே நிகழ்தல் வேண்டும். அன்றேல் இரண்டும் நிகழாதிருத்தல் வேண்டும். பிரிக்கவொண்ணாத இத்தொகுதியைக் கொடுக்கல் வாங்கல் என்பர். அமெரிக்க அறிஞர் ஜிம் கிரே இக்கருத்தைச் செம்மைப்படுத்தினார். அத்துறைப் பணிக்காக 1998 இல் தூரிங் விருது பெற்றார். கொடுக்கல் வாங்கலுக்கு இன்றியமையாத முழுமை, முரணின்மை, தனிமை, நிலைபேறு என்னும் நான்கு பண்புகளையும் 1983 இல் ஹேர்டர், ரொய்ற்றர் என்னும் ஜேர்மானிய அறிஞர் இருவர் ஒரே பெயரின்கீழ்த் தொகுத்தனர்.

இதனால் வணிகச் சேவையகத்தின் அமைப்பில் ஒரு விளைவு உண்டாயிற்று. உண்மை முழுவதும் தரவுத்தளத்தில் இருத்தல் வேண்டும் என்பது துணியப்பட்டமையின், இடைநிற்கும் சேவையகம் எதனையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வேண்டுகோளை முடித்தவுடன் அதனை மறந்துவிடுதலே அதற்கு அழகு. மறதியுடைய எழுதுவினைஞர் பத்துப்பேர் இருப்பாராயின், அவருள் ஒருவர் நோயுற்றாலும் அடுத்தவர் அதே மனுவைக் கையேற்கலாம். வாடிக்கையாளர் பெருகினால் இன்னும் பத்துப்பேரைச் சேர்க்கலாம். விடை அரைச் செக்கன் தாமதித்தாலும் வாடிக்கையாளர் பொறுப்பர். ஒரு சதம் பிழைத்தாலும் பொறார்.

இத்தேவைக்கெனவே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1999 இல் ஜே2ஈஈ என்னும் பொதுவரையறையை வெளியிட்டது. அவ்வரையறைக்கு இயைய ஐ.பி.எம்.மின் வெப்ஸ்பியர், பின்னாளில் ஒரக்கிள் நிறுவனத்தின் உடைமையான வெப்லொஜிக், எவரும் மூலநிரலைக் காணவல்ல ஜேபொஸ் முதலிய மேடைகள் போட்டியிட்டு வளர்ந்தன. அவை ஆற்றல் மிக்கனவாயினும், கற்றற்கும் அமைத்தற்கும் அரியனவாயிருந்தன. அக்குறையை நீக்கும் பொருட்டு எழுந்த ஸ்பிரிங் என்னும் சட்டகம் 2004 இல் முதற்பதிப்பைக் கண்டது. அதன் வழிவந்த ஸ்பிரிங் பூட், சேவையகத்தினுட் செய்நிரலை இடும் பழைய வழக்கை மாற்றி, செய்நிரலினுள்ளேயே சேவையகத்தை அடக்கியது. ஜே2ஈஈ வரையறையின் வழித்தோன்றல் 2018 முதல் ஜகார்த்தா என்னும் பெயருடன் எக்லிப்ஸ் அறநிலையத்தாற் பேணப்படுகின்றது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2002 இல் வெளியிட்ட டொட் நெட் மேடை, 2016 முதல் லினக்ஸ் கணினிகளிலும் இயங்குமாறு திறந்துவிடப்பட்டது. 2005 இற் கொழும்பில் வேர்விட்ட டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனமும் ஜாவா மொழியில் இத்தகைய இடைநிலை மென்பொருள்களை ஆக்கி உலகச் சந்தையிற் புகுந்தமை ஈண்டுக் குறிப்பிடற்பாலது.

விளையாட்டு அஞ்சுவது தாமதத்தை

இனி விளையாட்டுக்கு வருவோம். ஒரு களத்திற் பத்து வீரர் ஓடுகின்றனர். அவர்கள் நிற்கும் இடம் ஒரு செக்கனுக்குப் பன்முறை மாறுகின்றது. ஒவ்வோர் அடியையும் தரவுத்தளத்தில் எழுதிப் படிப்பது மிகுந்த காலத்தை விழுங்கும், பயனும் இல்லை. ஏனெனில், ஒரு வீரன் கால் செக்கனுக்கு முன் நின்ற இடம் இப்போது எவருக்கும் வேண்டியதன்று. ஆதலின் விளையாட்டுச் சேவையகம் களம் முழுவதையும் தன் நினைவகத்திலேயே வைத்திருக்கின்றது. வணிகச் சேவையகத்துக்கு மறதி அழகாயின், இதற்கு நினைவே உயிர்.

மேலும், வணிகச் சேவையகம் எவரேனும் கேட்டாலன்றி வாளாவிருக்கும். விளையாட்டுச் சேவையகமோ எவரும் கேளாதபோதும் இதயம்போலத் துடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் வந்த கட்டளைகளைச் சேர்த்து, எறிந்த பொருளை நகர்த்தி, மோதல்களைக் கணித்து, புதிய நிலையை அனைவர்க்கும் அனுப்பும். 2020 இல் வெளிவந்த வலொரன்ட் என்னும் விளையாட்டின் சேவையகம் செக்கனுக்கு 128 முறை துடிக்கின்றது. அஃதாவது ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 7.8 மில்லிசெக்கன். செலவைக் கட்டுப்படுத்தும் பொருட்டு முறைவழியாக்கியின் ஒவ்வொரு கருவிலும் மூன்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களை நடத்த வேண்டியிருந்தமையின், ஒரு துடிப்பின் வேலையை 2.34 மில்லிசெக்கனுள் முடித்தலை அதனை ஆக்கியோர் தம் இலக்காகக் கொண்டனர். ஜாவா முதலிய மொழிகளில், பயனற்ற தரவுகளை நினைவகத்திலிருந்து அகற்றுதற்காகச் செய்நிரல் இடையிடையே சற்று நிற்பதுண்டு. முற்காலத்தில் அத்தரிப்பு இத்தகைய துடிப்புகள் பலவற்றை விழுங்கவல்லதாயிருந்தது. அண்மைக் காலத்தில் அது பெரிதும் குறைக்கப்பட்டுளதாயினும், விரைவாட்டங்களின் சேவையகங்கள் பெரும்பாலும் சி++ மொழியில் அமைந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

செய்தி செல்லும் வழியிலும் வேறுபாடு உண்டு. வணிகச் சேவையகங்கள் டி.சி.பி. என்னும் நெறிமுறையை நாடும். அது பொதியொன்று தொலைந்தால் அதனை மீள அனுப்பும்வரை பின்வருவனவற்றை நிறுத்திவைக்கும். ஒன்றும் குறையாது, ஒழுங்கும் மாறாது. விரைவாட்டங்கள் யூ.டி.பி. என்னும் எளிய நெறிமுறையை நாடும். அங்கே தொலைந்தது தொலைந்ததே. அதனைத் தேடி நிற்பதினும் அடுத்த செய்தியை ஏற்று நடத்தல் மேல்.

எத்துணை விரைவான செய்நிரலும் இயற்கையின் எல்லையைக் கடக்கவியலாது. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர். ஆகவே நேர்கோட்டில் இழை இடினும் செய்தி போய்வர 27 மில்லிசெக்கன் வேண்டும். இலண்டனாயின் அது 85 மில்லிசெக்கனுக்கு மேற்படும். இதனாலேயே விளையாட்டு நிறுவனங்கள் உலகின் பல பகுதிகளிலும் சேவையகங்களை நிறுவுகின்றன. எஞ்சிய தாமதத்தை மறைத்தற்கு, விடை வருமுன்பே பயனரின் கணினி விளைவை ஊகித்துக் காட்டும் உத்தியும் கையாளப்படுகின்றது. 1996 இல் வெளிவந்த குவேக்வேர்ல்ட் அதனைப் பரவச்செய்தது. ஊகம் பயனருடையது, தீர்ப்போ சேவையகத்தினுடையது. தீர்ப்பையும் பயனரிடம் விட்டால் வஞ்சனை பெருகும்.

சுமை மிகும்போது இவ்விரு வகையும் ஒழுகும் முறையும் வேறு. வணிகச் சேவையகம் வந்தோரை வரிசையில் நிறுத்தும். களம் முழுவதையும் ஓரிடத்து வைத்திருக்கும் விளையாட்டுக்கு அது எளிதன்று. ஐஸ்லாந்து நாட்டுக் கொம்பனியொன்று 2003 முதல் நடத்திவரும் ஈவ் ஒன்லைன் என்னும் விண்வெளி விளையாட்டு இதற்கொரு வியத்தகு வழியைக் கண்டது. பெரும்போர் மூண்டு சேவையகம் திணறும்போது, அப்பகுதியிற் காலத்தையே மெதுவாக்கிவிடும். மிகுதியான சுமையில் விளையாட்டின் ஒரு செக்கன் உலகின் பத்துச் செக்கன் ஆகும். 2014 ஜனவரி 27 இல் தொடங்கி ஏறக்குறைய 21 மணித்தியாலம் நீடித்த போரொன்றில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறே பங்குகொண்டனர். அப்போர் மூண்டதற்குக் காரணம், ஆட்சிப்பகுதியொன்றுக்கான வழக்கமான கட்டணம் செலுத்தப்படாமையே என்பது நோக்கத்தக்கது. விளையாட்டின் உள்ளேயும் பேரேடு ஒன்று உளது; அதில் நேரும் தவறும் பெருவிளைவு தரும்.

இடைநெறிகள்

இவ்விரு முனைகளுக்கும் இடையிற் சில மேடைகள் உள. 1973 இல் கார்ல் ஹீவிட்டும் அவர்தம் துணைவரும் 'ஆக்டர்' எனும் கருத்தை வெளியிட்டனர். தனித்தனி நினைவுடைய சிறு செயலுறுப்புகள், ஒன்றன் நினைவை மற்றொன்று தீண்டாது, செய்திகளை மட்டும் பரிமாறிக்கொள்ளும் என்பதே அதன் சாரம். சுவீடன் நாட்டின் எரிக்சன் நிறுவனத்தில் 1986 அளவில் ஜோ ஆம்ஸ்ட்ரோங் முதலியோர் தொலைபேசி இணைப்பகங்களுக்கென ஆக்கிய ஏர்லாங் மொழி இதனையொத்த நெறியில் அமைந்தது. ஒன்று வீழ்ந்தால் மேற்பார்க்கும் மற்றொன்று அதனை மீள எழுப்பும். வட்ஸ்அப் நிறுவனம் 2012 இல் ஒரே சேவையகத்தில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளைத் தாங்கச் செய்தது இம்மேடையிலேயாம். லீக் ஒப் லெஜன்ட்ஸ் விளையாட்டின் உரையாடற் பகுதியும் இதிலேயே அமைந்தது.

மைக்ரோசொப்ட் ஆய்வுப் பிரிவினர் டொட் நெட் மேடைமீது ஆக்கிய ஓர்லியன்ஸ், ஒவ்வொரு வீரனுக்கும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் ஆக்டரை வகுத்து, வேண்டும்போது நினைவகத்தில் எழுப்பி, வேண்டாதபோது உறங்கவிடும். 2012 இல் வெளிவந்த ஹேலோ 4 இன் பின்னணிப் பணிகள் இதனைக் கொண்டு நடந்தன. 2009 இல் வெளிவந்த நோட் ஜே.எஸ். ஒரே இழையிற் பல இணைப்புகளைக் கவனிக்கும். உரையாடல், சீட்டாட்டம், சதுரங்கம் போன்ற முறைவைத்து ஆடும் ஆட்டங்கள் ஆகியவற்றுக்கு ஏற்றது. எனினும் நீண்ட கணிப்பொன்று அவ்விழையைப் பற்றிக்கொண்டால் ஏனையோர் அனைவரும் காத்திருக்க நேரும். கூகிள் நிறுவனம் அதே ஆண்டில் அறிவித்த கோ மொழி எண்ணற்ற இலகு இழைகளை வழங்கி அக்குறையைத் தவிர்க்கின்றது. நகாமா என்னும் திறந்த விளையாட்டுச் சேவையகம் அம்மொழியில் ஆக்கப்பட்டதே. ஜாவாவும் 2023 இல் வெளிவந்த 21 ஆம் பதிப்பில் இத்தகைய இலகு இழைகளைத் தனதாக்கிக் கொண்டது.

எல்லை கரையும் இடம்

இதுகாறும் கூறியவற்றால் வணிகம் வேறு, விளையாட்டு வேறு எனத் துணிந்துவிடல் கூடாது. இரண்டும் சந்திக்கும் இடங்கள் உள. பங்குச்சந்தை அவற்றுள் தலையானது. அங்கே ஒரு சதமும் பிழைக்கலாகாது. ஒரு மில்லிசெக்கனும் தாழ்க்கலாகாது. இலண்டன் பங்குச்சந்தை 2007 இல் டொட் நெட் மேடைமீது புதியதொரு வாணிப முறைமையை நிறுவியது. ஆயினும் போட்டிச் சந்தைகள் மில்லிசெக்கனினும் நுண்ணிய விரைவைத் தேடிய அக்காலத்தில் அது போதாதெனக் கண்டு, 2009 இல் இலங்கையின் மிலேனியம் ஐ.ரி. நிறுவனத்தையே விலைக்கு வாங்கிற்று. லினக்ஸ் மீது சி++ மொழியில் இயங்கிய அந்நிறுவனத்தின் முறைமைக்கு 2011 பெப்ரவரி 14 இல் அப்பெருஞ்சந்தை மாறியது. இலங்கைப் பொறியியலாளர் ஆக்கிய செய்நிரல் இலண்டன் மாநகரின் பங்கு வாணிபத்தைத் தாங்கியமை இத்துறை மாணவர் அறிந்திருக்கவேண்டிய செய்தியாகும்.

இதனைக் கொண்டு டொட் நெட் தாழ்ந்தது, சி++ உயர்ந்தது என முடிவுகட்டல் பிழை. அதே காலத்தில் இலண்டனில் எல்மக்ஸ் என்னும் மற்றொரு சந்தை ஜாவா மொழியிலேயே, ஒரேயோர் இழையில் செக்கனுக்கு அறுபது இலட்சம் கட்டளைகளைக் கையாளும் முறைமையை ஆக்கிற்று. அதன் இரகசியம் மொழியில் இல்லை. நிலை முழுவதையும் நினைவகத்தில் வைத்து, வரும் கட்டளைகளை மட்டும் வரிசையாகப் பதிந்து, வீழ்ந்தால் அப்பதிவை மீள ஓட்டி நிலையைப் பெறும் அமைப்பிலேயே உளது. விளையாட்டின் நினைவையும் வணிகத்தின் நிலைபேற்றையும் ஒருங்கு சேர்த்த அமைப்பு அது.

மறுபுறம், விளையாட்டுகளும் வணிகமாகியுள்ளன. வீரனின் ஓட்டம் நினைவகத்தில் நிகழ்வது தக்கதே. அவன் காசு கொடுத்து வாங்கிய கவசத்தை நினைவகத்தில் மட்டும் வைத்தல் தகாது. சேவையகம் வீழ்ந்தால் ஆட்டம் போகலாம். வாங்கிய பொருள் போகலாகாது. ஆதலின் நன்கமைந்த விளையாட்டு ஒவ்வொன்றும் ஈருறுப்பு உடையது. களம் ஒன்று, பேரேடு மற்றொன்று. களத்துக்கு விரைவான சேவையகமும், பேரேட்டுக்கு வணிகச் சேவையகமும் வேண்டும்.

இவ்வேறுபாட்டை மறந்தோர் இடர்ப்படுவர். 2014 இல் வெளிவந்த குபர்னெட்டிஸ் என்னும் ஏற்பாடு, சேவையகங்களைத் தேவைக்கேற்பத் தோற்றுவிக்கவும் அகற்றவும் வல்லது. மறதியுடைய வணிகச் சேவையகத்தை எக்கணமும் அகற்றலாம். ஆட்டம் நடக்கும் சேவையகத்தை அவ்வாறு அகற்றின் ஆடுவோர் நடுவழியில் விடப்படுவர். இக்குறையை நீக்குதற்கே கூகிளும் யூபிசொப்ட் நிறுவனமும் சேர்ந்து 2018 இல் அகோனெஸ் என்னும் துணைமேடையை வெளியிட்டன. ஆட்டம் முடியும்வரை அது சேவையகத்தைக் காக்கும்.

தேர்வுக்குரிய வினாக்கள்

மேடைகளின் பெயர்ப்பட்டியலை மனனஞ் செய்தலாற் பெரும்பயன் இல்லை. பெயர்கள் மாறும், மேடைகள் மறையும். அமேசன் நிறுவனத்தின் கையிலிருந்த கேம்ஸ்பார்க்ஸ் என்னும் விளையாட்டு மேடை 2022 இல் மூடப்பட்டபோது, அதன்மீது நின்ற விளையாட்டுகள் வேறிடந் தேட வேண்டியவாயின. பிறர் நடத்தும் மேடையில் இருப்போர் தம் தரவை எடுத்துக்கொண்டு வெளியேறும் வழியை முன்னரே அறிந்திருத்தல் நன்று. கையிலுள்ளோர் எம்மொழியை நன்கறிவர் என்பதும் ஆராயவேண்டியது. குழுவினர் அறியாத சிறந்த மேடையினும், நன்கறிந்த நடுத்தர மேடை பலபோது மேலாகும்.

இவற்றுக்கெல்லாம் முற்பட்ட வினாக்கள் மூன்று. உண்மை எங்கே இருக்கின்றது, நினைவகத்திலா, தரவுத்தளத்திலா? விடை எத்துணை நேரத்துள் வரவேண்டும்? சேவையகம் இக்கணம் வீழ்ந்தால் எதனை இழக்கலாம், எதனை இழக்கலாகாது? இம்மூன்றுக்கும் தெளிந்த விடை கண்டவர்க்கு மேடையைத் தேர்தல் அரிதன்று. வங்கி, கடை, பாடசாலை நிருவாகம் ஆகியவற்றுக்கு ஸ்பிரிங், ஜகார்த்தா, டொட் நெட் என்பவற்றுள் எதுவும் பொருந்தும். பலர் நெடுநேரம் இணைந்திருக்கும் உரையாடலுக்கும் முறைவைத்து ஆடும் ஆட்டத்துக்கும் ஏர்லாங், ஓர்லியன்ஸ், கோ, நோட் ஜே.எஸ். என்பன தகும். கணப்பொழுதில் வெற்றி தோல்வி முடியும் களத்துக்கு, துடிப்பைத் தவறவிடாத சி++ போன்றதொரு மொழியில் அமைந்த தனிச் சேவையகம் வேண்டும். ஒரே நிறுவனத்துக்கு இவற்றுள் இரண்டு வேண்டியிருப்பின், இரண்டையும் வைத்துக்கொள்ளுதல் குற்றமன்று. ஒன்றனையே எல்லாவற்றுக்கும் ஆளமுயல்வதே பிழை.

பணம் அனுப்பிய விரலும் வீரனைப் பாயச்செய்த விரலும் ஒன்றாயிருக்கலாம். முன்னையது வேண்டுவது பிழையாமை. பின்னையது வேண்டுவது தாழாமை. இவற்றுள் எதனை எவ்விடத்து முற்படுத்தல் வேண்டும் என்பதை மேடை தானாகத் தெரிந்து சொல்லாது; அதனைத் தெரிதல் மேடையைத் தேர்பவரின் கடனாகும்.